புத்தகத்தைத் தொலைக்காமல் படிக்க: மாணவர்களுக்கு உலாவி (பிரவுசர்) பழக்கும் முறை

கணினி அறையில் ஒரு பையன் கதை படித்துக்கொண்டிருந்தான். இருபது நிமிடம் தலை நிமிரவில்லை. நடுவே ஒரு சொல்லின் தோளில் குட்டியாக, நீல நிறத்தில் '3' என்று இருந்தது. அதை அழுத்தினான். பக்கம் சடாரென்று கீழே குதித்து அடிக்குறிப்பில் போய் நின்றது. கதையைக் காணோம். பதறிப்போய் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தினான். இப்போது புத்தகத்தையே காணோம். என்னைக் கூப்பிடவும் இல்லை. காலித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் கவனிக்கும்போது மணி அடித்துவிட்டது.

அதுவரை நானும் "இது முகவரிப் பட்டை, இது டேப், இது புக்மார்க்" என்று பெயர்ப் பட்டியலைத்தான் நடத்திவந்தேன். பெயர்கள் அவனுக்கும் மனப்பாடம். ஆனாலும் புத்தகம் தொலைந்தது. அன்றோடு வரிசையை மாற்றிவிட்டேன்: திரும்பி வரும் வழி முதலில், போகும் வழி அப்புறம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பள்ளியில் நடத்துகிறவர்களுக்கும், நூலகத்தில் உதவுகிறவர்களுக்கும், வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். முக்கால் மணி நேர வகுப்புகள் ஐந்தாறு கிடைத்தால் போதும்.

முந்தைய நாள் வேலை

நான்கு புத்தகங்களை எடுத்துவையுங்கள். ஒன்று, இணையப் பக்கமாகவே படிக்கக்கூடியது. இரண்டாவது, எழுத்துகளைத் தேர்ந்தெடுக்க முடிகிற பிடிஎஃப். மூன்றாவது, அச்சுப் புத்தகத்தை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப். நான்காவது, மின்னூலுக்கென்றே உள்ள கோப்பு வகையான ஈபப். நான்கும் மின்னூல்தான், ஆனால் நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். மாணவர்கள் குழம்புவதில் பாதி, இந்த வேறுபாட்டை யாரும் அவர்களுக்குக் காட்டாததால் வருவது.

எங்கே எடுப்பது? 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் இணையப் பக்கமாகவும் பிடிஎஃப்பாகவும் கிடைக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் ஸ்கேன் செய்த பக்கமும் தட்டச்சு செய்த பக்கமும் அருகருகே இருக்கும். வகுப்பில் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஸ்கேன் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் இருக்கின்றன. ஆங்கில நூல் வேண்டுமென்றால் குட்டன்பர்க் திட்டம். 1971-லேயே தொடங்கியது அது. உலாவி என்ற ஒன்று பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். "அப்போ எதுல சார் படிச்சாங்க?" என்று ஒரு குரல் வரும். அந்தக் கேள்விக்கு ஐந்து நிமிடம் செலவழிக்கலாம், தப்பில்லை.

நான்கு புத்தகங்களையும் மாணவர்கள் உட்காரப்போகும் கணினியிலேயே திறந்து பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் திறந்தது அங்கே திறக்காமல் போகலாம். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒரு பென்டிரைவில் பிரதியும் இருக்கட்டும். இணையம் காலைவாரும் நாள் எப்போதும் வகுப்பு நாளாகத்தான் இருக்கும்.

படி 1: நான் எங்கே இருக்கிறேன்?

"எந்த உலாவி பயன்படுத்துகிறாய்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "கூகுள்" என்றுதான் பதில் வரும். உலாவி, தேடுபொறி, தளம் மூன்றும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. விளக்கம் சொல்லிப் பயனில்லை. ஒரே புத்தகப் பக்கத்தைக் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டுங்கள். சட்டகம் வேறு, உள்ளே இருப்பது ஒன்றே என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது முகவரி. அதை யாரும் படிப்பதே இல்லை. முகவரிப் பட்டையில் உள்ளதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது தளத்தின் பெயர், அதற்குப் பின்னால் இருப்பது அந்தத் தளத்துக்குள் நாம் நிற்கும் இடம். இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். பிறகு மூன்று நான்கு பக்கங்களைத் திறந்துகொடுத்து, "இது யாருடைய தளம்?" என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் படத்தையோ பெரிய தலைப்பையோ பார்த்துச் சொன்னால் ஏற்காதீர்கள், முகவரியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம் என்று சிலர் கற்றுக்கொண்டு வந்திருப்பார்கள். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அந்தப் பூட்டுக்குத் தெரியாது.

படி 2: தொலைத்து விளையாடுவது

இந்த வகுப்பை அவசரப்படாமல் நடத்துங்கள். மற்ற எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம்.

எல்லோரும் இணையப் பக்கமாக உள்ள புத்தகத்தைத் திறக்கட்டும். நடுவில் ஏதாவது ஒரு பத்திக்கு உருட்டிக்கொண்டு போய், அதன் முதல் சொல்லை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். இப்போது வேண்டுமென்றே தொலைக்க வேண்டும். ஒவ்வொரு விதமாகத் தொலைத்து, ஒவ்வொரு விதமாக மீட்பதுதான் விளையாட்டு.

முதல் முறை, அடிக்குறிப்பு எண்ணை அழுத்தித் தொலைப்பது. மீட்பது: இடப்பக்கம் பார்க்கும் பின்செல் அம்பு, அல்லது ஆல்ட் விசையோடு இட அம்பு. அடிக்குறிப்பு அதே பக்கத்தில் இருந்தாலும் பின்செல் அம்பு வேலை செய்யும். இது பெரியவர்கள் பலருக்கே தெரியாது.

இரண்டாம் முறை, டேபையே மூடித் தொலைப்பது. மீட்பது: கண்ட்ரோல், ஷிஃப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துவது. மூடிய டேப் உயிர்பெற்று வரும்போது வகுப்பில் ஒரு "ஆ!" கேட்கும். அந்த ஒலிக்காகவே நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன் என்றுகூடச் சொல்லலாம். அடுத்த பத்து நிமிடம் மூடுவதும் திறப்பதுமாக இருப்பார்கள். விட்டுவிடுங்கள். மூடினால் ஒன்றும் ஆகிவிடாது என்ற துணிச்சல் விரலுக்கு வரவேண்டும்.

மூன்றாம் முறை, உலாவியையே மூடுவது. மீட்பது: வரலாறு, அதாவது ஹிஸ்டரி. கண்ட்ரோலும் எச்சும். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) படித்தது வரலாற்றில் இருக்காது. பல கணினி அறைகளில் மூடியதும் வரலாறு தானாக அழியும்படி அமைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இந்த வழி அடைபட்டுவிடும். அதற்கான மருந்து ஐந்தாம் படியில் வருகிறது.

மீட்கத் தெரிந்தபின் தொலைக்காமல் போகவும் கற்றுக்கொடுக்கலாம்: கண்ட்ரோலைப் பிடித்தபடி இணைப்பை அழுத்தினால் அது புதிய டேபில் திறக்கும், புத்தகம் இருந்த இடத்திலேயே இருக்கும். கைபேசியிலோ டேப்லெட்டிலோ இணைப்பைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அதே வாய்ப்பு வரும். புத்தகத்துக்கு ஒரு டேப், அகராதிக்கு ஒரு டேப். இரண்டோடு நிறுத்தச் சொல்லுங்கள். பதினைந்து டேப் திறந்தவனுக்குப் புத்தகம் எதில் என்று தெரியாது.

படி 3: நான்கு புத்தகம், நான்கு குணம்

இணையப் பக்கப் புத்தகம் தண்ணீர் மாதிரி, திரை எவ்வளவோ அவ்வளவுக்கு நிரம்பிக்கொள்ளும். கண்ட்ரோலும் கூட்டல் குறியும் அழுத்தினால் எழுத்து பெரிதாகும், வரிகள் மடங்கிக்கொள்ளும். கண்ட்ரோலும் சுழியமும் பழைய அளவுக்குக் கொண்டுவரும். விளம்பரம் தொந்தரவு செய்தால் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி, எட்ஜ் உலாவிகளில் படிப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. எழுத்தை மட்டும் விட்டுவைத்து மற்ற எல்லாவற்றையும் துடைத்துவிடும். எல்லாப் பக்கங்களிலும் அது வராது.

பிடிஎஃப் உறைந்த பக்கம். 1993-இல் அடோபி நிறுவனம் அதைக் கொண்டுவந்ததே, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே பெரிதாக்கினால் வரி மடங்காது, திரைக்கு வெளியே ஓடும். பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுத்து இழுத்துப் படிப்பார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும். "அகலத்துக்குப் பொருத்து" என்ற பொத்தானைக் காட்டுங்கள். கைபேசியைக் குறுக்கே திருப்பினாலே பாதிச் சிரமம் போய்விடும்.

பிடிஎஃப்பில் இன்னொரு பொறி, பக்க எண். "பக்கம் 40-க்குப் போங்கள்" என்பீர்கள். மேலே உள்ள பெட்டியில் 40 என்று தட்டுவார்கள். வந்து நிற்பது வேறு பக்கமாக இருக்கும். அட்டை, உரிமைப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம் எல்லாவற்றையும் உலாவி எண்ணுகிறது, அச்சிட்டவர் எண்ணவில்லை. அச்சில் 1 என்று இருக்கும் பக்கம் உலாவியின் கணக்கில் 17 என்றால் வித்தியாசம் 16. அச்சுப் பக்கம் 40 வேண்டுமானால் 56 தட்ட வேண்டும். புத்தகத்தைத் திறந்ததும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து நோட்டில் எழுதுவதை முதல் வேலையாகப் பழக்குங்கள். கணக்குப் பாடம் பிடிக்காதவர்கள்கூட இதை ஆசையாகச் செய்கிறார்கள்.

ஸ்கேன் பிடிஎஃப்பை அடுத்த படியில் பார்ப்போம். ஈபப் கோப்பைப் பெரும்பாலான உலாவிகள் நேரடியாகத் திறக்காது. எட்ஜ் ஒரு காலத்தில் திறந்தது, 2019-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். தனிச் செயலி வேண்டும், அல்லது அந்தத் தளமே படிப்பானை வைத்திருக்க வேண்டும். நேரம் இருந்தால் ஒன்று செய்து காட்டுங்கள்: ஈபப் கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் கடைசியில் உள்ள ஈபப் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே இணையப் பக்கங்களும் படங்களும் வரிசையாக இருக்கும். அதில் ஒரு பக்கத்தை இழுத்து உலாவியில் போட்டால் அத்தியாயம் அப்படியே திறக்கும். மின்னூல் என்பது மாயமில்லை, மூட்டை கட்டிய பக்கங்கள் என்று அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்காது.

படி 4: புத்தகத்துக்குள் தேடுவது

கண்ட்ரோலும் எஃப்பும். கைபேசியில் மூன்று புள்ளிப் பட்டியலுக்குள், பக்கத்தில் தேடுவதற்கான வரி. ஆங்கிலப் புத்தகத்துக்கு இத்தோடு பாடம் முடிந்துவிடும். தமிழில் இங்கேதான் பாடமே தொடங்குகிறது.

முதல் சிக்கல் நம் மொழியின் இயல்பு. "மரம்" என்று தேடினால் "மரத்தில்", "மரத்தை", "மரங்கள்" எதுவும் கிடைக்காது. வேற்றுமை உருபு சேர்ந்ததும் சொல்லின் வால் மாறிவிடுகிறது. "வீடு" என்று தேடுகிறவனுக்கு "வீட்டில்" அகப்படாது. ஆகவே உருபு சேரும்போது சொல் எடுக்கும் வடிவத்தின் தலையை மட்டும் தேடப் பழக்க வேண்டும்: "மரத்", "வீட்", "ஆற்". ஒருமுறை "வீடு", ஒருமுறை "வீட்" என்று இரண்டையும் தேடி, தேடல் பெட்டியின் ஓரத்தில் வரும் எண்ணிக்கையை ஒப்பிடச் சொல்லுங்கள். இலக்கண வகுப்பில் உருபு புணர்ச்சியைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர்கள் இங்கே வரிந்துகட்டிக்கொண்டு நிற்பார்கள். தமிழாசிரியரையும் இந்த ஒரு வகுப்புக்கு அழைத்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது சிக்கல், கண்ணுக்குத் தெரியும் சொல் தேடலில் வராதது. அப்போது மாணவர்கள் தம்மையே நொந்துகொள்வார்கள். குற்றம் அவர்களுடையதில்லை, கோப்பினுடையது. சோதனை எளிது: சுட்டியை ஒரு வரியின் மேல் இழுத்துப் பாருங்கள். எழுத்துகளின் மேல் நீலம் படியவில்லை என்றால் அது எழுத்தே இல்லை, எழுத்தின் புகைப்படம். ஸ்கேன் பிடிஎஃப். அதில் தேடல் நடக்காது, பொருளடக்கத்தைப் பார்த்துப் பக்க எண்ணால் போக வேண்டியதுதான். சில ஸ்கேன்களில் எழுத்துணரி மூலம் எழுத்துகளைப் பிரித்துப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்திருப்பார்கள். அங்கே தேடல் நடக்கும், ஆனால் தப்பும் தவறுமாக இருக்கலாம்.

நீலம் படிகிறது, இருந்தும் தேடலில் சொல் வரவில்லையா? ஒரு சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கல் வந்தால் அது யூனிகோடு என்ற இன்றைய பொதுக் குறியீட்டு முறைக்கு முந்தைய எழுத்துரு. பாமினி என்ற அப்படிப்பட்ட எழுத்துருவில் தட்டிய "அம்மா"வை ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறார்கள், ஒட்டும்போது வேடம் கலைகிறது. இதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. தேடவேண்டிய சொல்லைப் புத்தகத்திலேயே ஓரிடத்தில் கண்டுபிடித்து, நகலெடுத்து, அந்தக் கிறுக்கலையே தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். மற்ற இடங்களும் வந்துவிடும். தமிழில் தட்டத் தெரியாத மாணவருக்கும் இந்த நகலெடுத்து ஒட்டும் வழி கைகொடுக்கும்.

யூனிகோடு பிடிஎஃப்களிலும் ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது. கெ, கே, கை, கொ போன்ற எழுத்துகளில் கொம்பு முன்னால் நிற்பதால், கோப்புக்குள் எழுத்துகளின் வரிசை புரண்டிருக்கலாம். "பொன்னன்" கிடைக்கவில்லை என்றால் கொம்பில்லாத பகுதியான "ன்னன்" என்று தேடிப் பாருங்கள்.

படி 5: நாளைக்கு இதே இடத்துக்கு

புக்மார்க் போட்டால் படித்த இடத்துக்கே வரும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முகவரியை மட்டும்தான் அது நினைவில் வைக்கும். நூற்றைம்பதாம் பக்கத்தில் கண்ட்ரோலும் டியும் அழுத்திவிட்டுப் போனவன் மறுநாள் அட்டையில் வந்து முழிப்பான். பிடிஎஃப்பில் நாம் விட்ட பக்கத்தை எல்லா உலாவிகளும் நினைவில் வைப்பதில்லை.

இணையத்தில் உள்ள பிடிஎஃப்புக்கு ஒரு வித்தை. முகவரியின் கடைசியில் ஹேஷ் குறி, ஆங்கில எழுத்துகளில் பேஜ் என்ற சொல், சமக்குறி, பிறகு பக்க எண், நடுவில் இடைவெளி இல்லாமல் சேர்த்துத் தட்டி என்டர் அழுத்தினால் நேரே அந்தப் பக்கத்தில் திறக்கும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இது நடக்கும். இங்கே போடவேண்டியது உலாவியின் எண், அச்சு எண் அல்ல. அந்த முகவரியைப் புக்மார்க் செய்தால் படித்த இடமே கிடைக்கும். நண்பனுக்கு அனுப்பினால் அவனும் அதே பக்கத்தில் வந்து இறங்குவான்.

ஆனால் பலர் மாறி மாறி உட்காரும் கணினியில் புக்மார்க்கை நம்பவே கூடாது. இன்று போட்டது நாளை இருக்காது, இருந்தாலும் நூறு பேருடைய குறிகளுக்கு நடுவே கிடக்கும். நான் காகித நோட்டைத்தான் பயன்படுத்தச் சொல்கிறேன். புத்தகத்தின் பெயர், தளத்தின் பெயர், அச்சுப் பக்கம், உலாவிப் பக்கம், நிறுத்திய வரியின் முதல் மூன்று சொற்கள். அந்த மூன்று சொற்கள் இருந்தால் இணையப் பக்கப் புத்தகத்தில் கண்ட்ரோல் எஃப் போட்டு நேராக வந்துவிடலாம். பிடிஎஃப் என்றால் பக்க எண் கைகொடுக்கும். மின்னூல் வகுப்பில் காகிதமா என்று சிரித்த சக ஆசிரியர்கள் உண்டு. சிரிக்கட்டும்.

படி 6: பதிவிறக்கம்

ஒரு கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தபோது ஒரே புத்தகம் பதினொரு பிரதி கிடந்தது. பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 1, 2, 3 என்று வரிசையாக. ஒவ்வொரு நாளும் இறக்கியிருக்கிறார்கள், இறங்கியது எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ட்ரோலும் ஜேயும் அழுத்தினால் இறங்கியவற்றின் பட்டியல் வரும். அங்கிருந்து கோப்புறைக்குப் போய், கோப்புக்குப் புரிகிற மாதிரி பெயர் மாற்றி, தனக்கென ஒரு கோப்புறையில் போடுவது வரை ஒரே மூச்சில் செய்யப் பழக்குங்கள். "இறக்கினேன்" என்று யாராவது சொன்னால் "எங்கே?" என்பதுதான் நம் மறுகேள்வி.

உலாவியில் திறந்திருப்பதும் இறங்கியிருப்பதும் வேறு வேறு. வாயால் சொன்னால் ஏறாது. இணையத்தைத் துண்டித்துவிட்டு "இப்போது உங்கள் புத்தகத்தைத் திறங்கள்" என்று சொல்லுங்கள். யாரிடம் கோப்பு இருக்கிறது, யார் திறந்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அந்த நிமிடமே வெளிச்சமாகும்.

இலவசப் புத்தகம் தரும் தளங்கள் சிலவற்றில் "டவுன்லோட்" என்று பெரிதாக, பச்சையாக மின்னுவது விளம்பரமாக இருக்கும். உண்மையான இணைப்பு ஓரத்தில் சிறு எழுத்தில் பதுங்கியிருக்கும். அழுத்துவதற்கு முன் சுட்டியை அதன்மேல் வைத்தால் போகும் முகவரி கீழ் மூலையில் தெரியும். முதல் படியில் பழகிய முகவரி வாசிப்பு இங்கேதான் உதவும். வந்த கோப்பு பிடிஎஃப் என்றோ ஈபப் என்றோ முடியாமல் இஎக்ஸ்இ என்று முடிந்தால் அது புத்தகம் இல்லை, நிரல். திறக்காமல் அழிக்க வேண்டும். "அறிவிப்புகளை அனுப்பலாமா?" என்று எந்தத் தளம் கேட்டாலும் வேண்டாம் என்றே அழுத்தட்டும். புத்தகம் படிக்க அறிவிப்பு எதற்கு?

படி 7: சரிபார்ப்பது

தேர்வு வைக்காதீர்கள். ஒரு வேலை கொடுங்கள்: யாரும் பார்த்திராத ஒரு புத்தகத்தின் பெயரையும், அதில் ஒருமுறை மட்டுமே வரும் ஒரு சொல்லையும் பலகையில் எழுதுங்கள். புத்தகத்தைத் தேடித் திறந்து, சொல் உள்ள பக்கத்தைக் கண்டுபிடித்து, நோட்டில் குறித்து, உலாவியை முழுதாக மூடி, மறுபடி அதே இடத்துக்கு வரவேண்டும். சொல்லை உருபோடு கொடுக்காமல் அகராதி வடிவத்தில் கொடுங்கள். "ஆறு" என்று கொடுத்து, புத்தகத்தில் "ஆற்றங்கரை" இருக்கட்டும்.

இந்த நேரத்தில் நம் வேலை சும்மா இருப்பது, அதுதான் கடினமும். மாணவர் திணறும்போது நம் கை தானாகச் சுட்டிக்குப் போகும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கேட்பது ஒரே கேள்வி: "இப்போ நீ எங்க இருக்கே?" முகவரியைப் பார்த்துப் பதில் சொல்லத் தொடங்கினாலே பாதிப் பேர் வழியைத் தாமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். சீக்கிரம் முடித்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்கு உதவப் போகலாம், ஆனால் அவர்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.